எண்ணூரில் எதோடு கலப்பது?

இந்த செமஸ்டரில் எங்களுக்கு ஒரு சின்ன டிசைன் வேலை கொடுத்தார்கள். தலைப்பு: "இயற்கைச் சூழலோடு கலந்து நிற்கும் ஒரு சிறு பயன்பாட்டுக் கட்டிடம்." பங்களா, மால், மியூசியம் எதுவும் கிடையாது. பம்ப் ரூம், டிரான்ஸ்ஃபார்மர் அறை, பொதுக் கழிப்பறை, டிக்கெட் கவுண்டர் என்று யாரும் திரும்பிப் பார்க்காத கட்டிடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இடம் நம் விருப்பம்.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் உடனே ஏற்காடு, கொடைக்கானல், டாப்ஸ்லிப் என்று கிளம்பிவிட்டார்கள். ஒருத்தன் பிச்சாவரம் என்றான். என் முறை வந்தபோது நான் "எண்ணூர், கழிமுகத்துப் பக்கம், பொதுக் கழிப்பறை" என்றேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "உங்க ஊர்ல இயற்கை எங்க இருக்கு? சிம்னியோட கலக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். (நல்ல ஜோக் என்றால் சிரித்துவிட வேண்டும், அது என் கொள்கை.) மெட்ரோவில் விம்கோ நகர் வந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் கோபம் வந்தது. வகுப்பு நண்பர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் இல்லை அந்தக் கோபம். அந்த ஜோக் நம்மில் யாரும் கண்டுபிடித்ததில்லை. "அங்கே என்ன இருக்கு, எதை வேணா கொண்டு போய் வைக்கலாம்" என்ற நினைப்பு ஐம்பது, அறுபது வருடமாக இருக்கிறது. எங்கள் பக்கம் வந்ததெல்லாம் அந்த நினைப்பில் வந்ததுதான்.

சரி, அங்கே என்னதான் இருக்கிறது?

கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து கடலில் கலக்கும் இடம் எண்ணூர். ஓதம் ஏறினால் மூழ்கி, இறங்கினால் தலை காட்டும் சேற்றுத் திட்டுகள் உண்டு. வெண்கண்டல் செடிகள் இன்னும் இருக்கின்றன. உப்பு மண்ணில் உமரி, கடற்கரை மணலைப் பிடித்து வைக்கும் அடம்பு, இராவணன் மீசை, கொஞ்சம் தள்ளிப் பனை, பூவரசு. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படித்தோமே, அதில் வந்த நெய்தல் வேறெங்கோ இல்லை. முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் என்று பெயர்ப்பலகையோடு இருக்கிறது.

ஆனால் அதைக் காகிதத்திலேயே இல்லாமல் ஆக்கிய கதையும் உண்டு. கடலோர ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிவெளி ஆறாயிரம் ஏக்கருக்கும் மேல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. பிறகு புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் அதில் பெரும்பகுதியைக் காணோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கித்தான் இது வெளியே வந்தது. பின் பெஞ்சு ஜோக்கும் இந்த வரைபடமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இருப்பதை இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதற்கும் தடை இல்லை.

எங்கள் ஊரில் இயற்கையோடு முழுதாகக் கலந்துவிட்ட பொருட்கள் உண்டு. ஒன்று நிலக்கரிச் சாம்பல். அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து கசிந்து, கழிமுகத்தில் சேறு எது சாம்பல் எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு ஒன்றாகிவிட்டது. இன்னொன்று எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுக்கப் படர்ந்து வலை, படகு, கண்டல் செடி, பறவை எல்லாவற்றிலும் ஒட்டியது. மீனவர்கள் பக்கெட்டும் முறமும் வைத்து அள்ளினார்கள். கழிமுகம் என்ற பெயரிலேயே "கழி" இருப்பதால் கழிவு கொட்டத்தான் இடம் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

இதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு "இயற்கையோடு கலக்கும் கட்டிடம்" என்ற வார்த்தை மேல் கொஞ்சம் சந்தேகம். நாம் அதைப் பெரும்பாலும் பார்வைக்கு மட்டுமே வைத்துப் பேசுகிறோம். பூங்காக்களில் பார்த்திருப்பீர்கள். சிமெண்டில் மரத்தண்டு மாதிரி பெஞ்சு, சிமெண்டில் காளான் மாதிரி நிழற்குடை, வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பெங்குவின் குப்பைத்தொட்டி. (தமிழ்நாட்டு வெயிலில் பெங்குவினுக்கு என்ன வேலை என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.) இந்த வரிசையில் கொஞ்சம் படித்த தம்பிதான் பச்சை பெயிண்ட். எந்தக் கட்டிடமாக இருந்தாலும் பச்சை அடித்து, பக்கத்தில் ஒரு தென்னை மரம் வரைந்துவிட்டால் இயற்கையோடு கலந்தாயிற்று.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு குப்பத்தில் அப்படி ஒரு கழிப்பறை இருக்கிறது. எந்தக் குப்பம், யார் கட்டியது என்பது இங்கே வேண்டாம். கடலைப் பார்த்த சுவரில் பச்சை, அதன் மேல் தென்னை, சூரியன், சிரிக்கும் டால்ஃபின். கட்டிய புதிதில் நிஜமாகவே அழகாக இருந்தது. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன்.

இப்போது அங்கே போனால் டால்ஃபினின் பாதி முகம் இல்லை. உப்புக் காற்று சுவருக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துரு ஏறினால் கம்பி பருக்கும். பருத்த கம்பி மேலே இருக்கிற காங்கிரீட்டைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். கடலோரத்தில் இருக்கிற எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். தகரக் கதவின் கீழ்ப்பாதி இற்று விழுந்தது. கலர் ஷீட் கூரையில் ஒரு பக்கம் ஒரு புயலில் போனது. செப்டிக் டேங்க் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் நிரம்பி வழியும். அது டேங்கின் தப்பு இல்லை. மணலுக்குக் கீழே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும் ஊரில், மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் மேலே ஏறும்போது டேங்கிலிருந்து கழிவு எங்கே இறங்கும்? வாய்க்கால் வழியாகக் கழிக்குத்தான் போகும். ஆக, சுவர் கலந்ததோ இல்லையோ, உள்ளே இருந்தது கலந்துவிட்டது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அது நிற்கிற இடம் ஊர்க்காரர்கள் வலை காயப்போட்ட இடம். கேட்காமல் கட்டினார்கள். அதனால் இப்போது அதற்குள் வலையை வைத்துப் பூட்டுகிறார்கள். ஒரு வகையில் நியாயம்தான்.

பெண்கள் என்ன செய்கிறார்கள்? விடிவதற்கு முன்னால் இருட்டில் கரையோரக் கல்லுப் பக்கம் போகிறார்கள்.

அந்தக் கல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் கரை ஒரு காலத்தில் மணல்தான். இந்தக் கடற்கரையோரம் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வருகிற மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே தங்க ஆரம்பித்தது. மெரினா அகலமானது. ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரிக்க ஆரம்பித்தது. தெருத் தெருவாகக் கடலுக்குள் போன பிறகு பாறாங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் போட்டார்கள். நீங்கள் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் மணலில் கொஞ்சம் எங்களுக்கு வர வேண்டியது, அவ்வளவுதான் சொல்கிறேன். :-)

என் அத்தை மீன் விற்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மதியம் ஆகும். அதுவரை தண்ணீர் குடிக்க மாட்டார். தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் போக வேண்டும், போக இடம் இல்லை. என் பிராஜெக்ட் பற்றி அவரிடம் சொன்னேன். கட்டிடம் இருக்கிறதே தெரியாத மாதிரி, செடி கொடிக்கு நடுவில் மறைவாக வரப்போகிறது என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

"மறைவா இருந்தா எவ கண்ணு போவா? உள்ள எவன் குந்தினுக்கிறானோன்னு பயமா இருக்காதா?"

நான் வரைந்து வைத்திருந்த நாலு ஷீட்டும் அதோடு போயிற்று.

இதை யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. சிறு பயன்பாட்டுக் கட்டிடம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, யாரும் தேடி வரத் தேவையில்லாதது. டிரான்ஸ்ஃபார்மர், பம்ப், வால்வு அறை. இதை மறைக்கலாம். கனடாவில் டொரன்டோ நகரத்தில் போன நூற்றாண்டின் முதல் பாதியில் துணை மின் நிலையங்களைச் சாதாரண வீடு மாதிரியே கட்டினார்கள். ஜன்னல், ஓட்டுக்கூரை, வாசல், முன்னால் புல்வெளி எல்லாம் உண்டு. உள்ளே மட்டும் மின் கருவிகள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொந்தரவில்லை. இரண்டாவது ஜாதி, அவசரத்தில் ஒரு மனுஷி தேடி வருவது. இதை மறைத்தால் அது ஒழுங்கும் இல்லை, பத்திரமும் இல்லை.

டோக்கியோவில் ஷிபுயா வட்டாரத்தில் 2020இலிருந்து 17 பொதுக் கழிப்பறைகளைப் பெரிய பெரிய கட்டிடக் கலைஞர்களை வைத்துக் கட்டினார்கள். (2023இல் வந்த "பெர்ஃபெக்ட் டேஸ்" படத்தில் கதாநாயகன் துப்புரவு செய்யும் கழிப்பறைகள் இவைதான்.) அதில் கெங்கோ குமா கட்டியது மரங்களுக்கு நடுவில் தேவதாருப் பலகைகளைச் சாய்த்து வைத்துக் காட்டுப் பாதை மாதிரி இருக்கும். எல்லோரும் ப்ராஜெக்டில் காப்பி அடிப்பது அதைத்தான். ஷிகெரு பான் கட்டியதோ கண்ணாடி. பூட்டாதவரை உள்ளே எல்லாம் தெரியும். பூட்டினால் கண்ணாடி மங்கிவிடும். உள்ளே யாராவது இருக்கிறார்களா, சுத்தமாக இருக்கிறதா என்ற இரண்டு பயத்துக்கும் வெளியிலேயே பதில். என் அத்தை கேட்ட கேள்வியும் ஷிபுயாவில் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். எங்கள் உப்புக் காற்றில் அந்தக் கண்ணாடி ஒரு மழைக்காலம் தாங்காது என்பது வேறு விஷயம்.

அப்படியானால் "கலப்பது" என்பதை விட்டுவிடலாமா? வேண்டாம். அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம். கட்டிடம் எப்படித் தெரிகிறது என்பதை இரண்டாவதாக வைப்போம். காற்று, தண்ணீர், உப்பு, மனுஷர் நாலும் அந்த இடத்தில் எப்படிப் போய் வருகிறார்களோ, அதற்கு அது வழி விடுகிறதா என்பதை முதலில் கேட்போம்.

இப்படிக் கேட்டவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். இலங்கையில் ஜெஃப்ரி பாவா 1990களின் தொடக்கத்தில் தம்புள்ளைக்குப் பக்கம் கட்டிய கந்தளாமை ஹோட்டலின் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். காடு ஏறி மூடிய கட்டிடம் என்று புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது படத்தில் அவ்வளவாகத் தெரியாத ஒரு சங்கதி. கட்டிடத்தைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தியதால் பாறையிலிருந்து வழியும் மழைத்தண்ணீர் கீழேயே ஓடிப் போகிறது. அது பெரிய ஹோட்டல், பணக்கார விஷயம் என்பீர்கள். சரி, லாரி பேக்கரைப் பார்ப்போம். திருவனந்தபுரம் பூந்துறையில் 1970களின் நடுவில் மீனவர்களுக்கு வீடு கட்டினார். வரிசையாக ரயில் பெட்டி மாதிரி வைக்காமல் ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே தள்ளி வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடல் தெரியும், காற்று வரும், முன்னால் கொஞ்சம் திறந்த இடம் இருக்கும். கூரை தாழ்வான சரிவு. சுவரில் ஓட்டை விட்டுச் செங்கல் அடுக்கியதால் வேகமாக வரும் காற்று முட்டாமல் நுழைந்து போய்விடும். அவர் எதையும் பச்சையாக்கவில்லை.

இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கத்துக் கொத்தனார் ஒருவரிடமும் அத்தையிடமும் கேட்டு, நான் கடைசியில் வரைந்தது இதுதான்.

ஒன்று, இடம். வலை காயும் இடமும் படகு ஏற்றும் இடமும் போக மிச்சத்தில், தெரு விளக்கு இருக்கும் பாதையோரம். நாலு பேர் கண்ணில் படுகிற இடம். கதவு காற்றுக்கு எதிர்ப்பக்கம்.

இரண்டு, பேஸ்மட்டம். மண்ணைக் கொட்டி மேடாக்கினால் வெள்ளம் பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால் வேலிக்கு நடுகிற மாதிரியான கருங்கல் தூண்கள், அதன் மேல் கற்பலகை. தண்ணீர் கீழே போகட்டும். கருங்கல் துருப்பிடிக்காது.

மூன்று, சுவர். செங்கல். மேல் பாதி ஜாலி. (பேரே ஜாலியாக இருக்கிறது, வேறென்ன வேண்டும்.) பூச்சு சுண்ணாம்பு. இந்தக் கடற்கரையில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு செய்த காலம் உண்டு. பழைய மெட்ராஸ் சுவர்களின் பளபளப்பு அதனால் வந்ததுதான். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. பொரிந்த இடத்தில் அந்த இடத்தை மட்டும் பூசிக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு தடவை வெள்ளை அடிக்க வேண்டும். பொங்கலுக்கு எப்படியும் வீட்டுக்கு அடிக்கிறோம்.

நான்கு, கூரை. நாலு பக்கமும் தாழ்ந்த சரிவு, ஓடு. ஓரத்து ஓடுகளைச் சாந்து வைத்துப் பூச வேண்டும். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் பனங்கை போதும். 2016இல் வர்தா வந்தபோது எங்கள் தெருவில் பறந்ததெல்லாம் ஷீட்டுகள்தான்.

ஐந்து, கீழே. இதுதான் முக்கியம், படத்தில் வராதது. நிலத்தில் இறங்கும் குழி கூடவே கூடாது. கசியாத தொட்டி, தண்ணீர் ஏறினால் மிதந்து கிளம்பாதபடி கனம், லாரி வந்து உறிஞ்ச வழி. சாக்கடைக் குழாய் இருக்கிற தெருவென்றால் அதில் இணைப்பு. இது ஒன்று தப்பானால் மேலே சொன்ன நாலும் வேஷம்தான்.

செலவு அதிகம் ஆகாதா என்று சார் கேட்டார். கட்டும்போது கொஞ்சம் கூடத்தான் ஆகும், மறைக்கவில்லை. ஆனால் டால்ஃபின் கழிப்பறைக்குச் செலவழித்த பணத்தில் இன்று மிச்சம் இருப்பது ஒரு வலைக் கிடங்கு. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள். தொழிற்சாலைப் பகுதியில் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. மெரினாவிலும் அதற்காக மூங்கிலில் நிழற்குடைகள் வந்திருக்கின்றன. நல்லதுதான், நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் சாயங்காலம் இரண்டு மணி நேரம் வந்து போகிறவர்களின் கரையில் கட்டிடம் இயற்கையோடு இசைய வேண்டும், இருபத்து நாலு மணி நேரமும் அங்கேயே வாழ்கிறவர்களின் கரையில் எது வந்தாலும் சரி என்றால் அதில் எங்கோ உதைக்கிறது. கெட்டுப்போன இடத்தில்தான் அடுத்து வைக்கும் சின்னக் கட்டிடம் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நல்ல உடம்புக்கு ஒரு நாள் காய்ச்சல் தாங்கும்.

ஒரு கழிப்பறை ஒழுங்காக நின்றால் சாம்பல் போய்விடுமா, எண்ணெய் போய்விடுமா? போகாது. அவை பெரிய சண்டைகள், அதற்குக் கோர்ட்டும் போராட்டமும் நடந்துகொண்டிருக்கின்றன. ஆனால் பத்துக்குப் பத்து அறையையே இந்த ஊரைப் பார்த்துக் கட்டத் தெரியாதவர்கள் பெரியதை மட்டும் எப்படிப் பார்த்துக் கட்டுவார்கள்? நாளைக்கு நம் வகுப்பில் பாதிப் பேர் டெண்டர் படம் வரைகிற வேலைக்குத்தான் போகப்போகிறோம். அங்கே நம் கைக்கு வரப்போவது ம்யூசியம் இல்லை, பம்ப் ரூமும் கழிப்பறையும்தான்.

மார்க் பரவாயில்லை. ஷீட்டை வீட்டுக்கு எடுத்து வந்து அத்தையிடம் விரித்துக் காட்டினேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டார். விளக்கு எது, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், தண்ணி எங்கிருந்து வரும். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில், "மீன் கூடைய எங்க வெக்கறது? தரைல வெச்சா நாய் இழுத்துனு பூடும். உள்ள தூக்கினு போவ முடியுமா?"

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில், உள்ளிருந்து ஜாலி வழியாகப் பார்த்தால் தெரிகிற மாதிரி, இடுப்பு உயரத்தில் ஒரு கல் திண்ணை சேர்த்திருக்கிறேன். மார்க் போட்ட பிறகுதான் வரைந்தேன். சாருக்கு அது தெரியாது.